120 பேரில் என் குரல் எதற்கு?

கேள்வி: இந்த ஆண்டுதான் எங்கள் பல்கலைக்கழக கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், சேர்ந்தேன். மொத்தம் 120 பேர். எனக்கு ஆல்ட்டோ பகுதி, பெண் குரல்களில் தாழ்ந்த சுருதியில் பாடுவது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது என் குரல் எனக்கே கேட்பதில்லை. பாதிப் பாட்டில், உயர்ந்த சுருதியில் பாடும் சொப்ரானோ பெண்களின் மெட்டுக்குத் தாவிவிடுகிறேன். போன ஒத்திகையில் வெறுமனே வாயசைத்தேன், யாருக்கும் தெரியவில்லை. விலகிவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: யாருக்கும் தெரியவில்லை என்பதை நான் நம்பமாட்டேன். உங்கள் இருபுறமும் நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய குழுவில் பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் பாடுகிறார்கள். நீங்கள் நிறுத்தினால் அவர்களுக்கு ஒரு பிடி போய்விடுகிறது.

உங்கள் குரல் கேட்காதது குரலின் குறை இல்லை. சுற்றிலும் சத்தம் கூடும்போது நாமும் அறியாமலே குரலை உயர்த்துவோம். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். கொயரில் ஆளுக்கு ஆள் இப்படி ஏற்றிக்கொண்டே போனால் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். அந்தப் போட்டிக்கே போகாதீர்கள். 60 பேர் பாடுவதை 120 பேர் பாடினாலும் சத்தம் சுமார் 3 டெசிபல்தான் கூடுகிறது, காதுக்கு அது கொஞ்சம்தான். அத்தனை பேரைச் சேர்ப்பது சத்தத்துக்காக இல்லை. ஒரே ஸ்வரத்தைப் பலர் பாடும்போது, ஒருவருக்கொருவர் இருக்கும் மயிரிழை வித்தியாசங்கள் கலந்து ஓர் அடர்த்தி வருகிறதே, அதற்காகத்தான். எவ்வளவு பெரிய வித்வானாலும் தனியாக அதைக் கொண்டுவர முடியாது.

மூச்சு விஷயத்தையும் பாருங்கள். ஒரு மனிதரின் மூச்சுக்கு அடங்காத நீண்ட ஸ்வரத்தை கொயர் அறுபடாமல் பிடிக்கும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் தாங்குகிறீர்கள், நீங்கள் எடுக்கும்போது அவர் தாங்குகிறார். வரி முடிவில் எல்லோரும் எடுக்கிற இடத்தில் எடுக்காமல், உயிரெழுத்து நீளும்போது நடுவில் சத்தமில்லாமல் எடுங்கள். திரும்பச் சேரும்போது மெதுவாகச் சேருங்கள். இது கைவந்துவிட்டால் ‘நான் இருந்தென்ன’ என்று கேட்கத் தோன்றாது.

சரி, ஆல்ட்டோவுக்கு வருவோம். மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவிடம் இருப்பதால் காது அங்கே ஓடுவது இயல்புதான். வீட்டில் சொப்ரானோ பகுதியை ஒலிக்கவிட்டு, அதற்கு எதிராக உங்கள் பகுதியைப் பாடிப் பழகுங்கள். முதலில் சொல் வேண்டாம், ‘நூ’ என்று பாடினால் போதும். வழுக்குகிற இடங்களை நோட்டேஷன் தாளில் பென்சிலால் வட்டமிடுங்கள், மூன்று நான்கு இடங்களுக்குமேல் இருக்காது. ஒத்திகையில் ஒரு காதை லேசாகக் கையால் மூடினால் உங்கள் குரல் உள்ளே கேட்கும். அடுத்தவரோடு தோள் உரசாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்பதும் உதவும்.

அப்புறம், குழுவை நடத்துபவரிடம் நேரில் சொல்லுங்கள். உறுதியாகப் பாடும் இரண்டு ஆல்ட்டோக்களுக்கு நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார், இடம் மாற்றி நிறுத்துவது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

விலகுவதை அடுத்த கச்சேரி வரை தள்ளிப்போடுங்கள். அதன்பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் பத்துப் பதினைந்து பேர் பாடும் சிறிய குழுவுக்கு மாறலாம். ஆனால் வாயசைப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.