வீட்டு அஸ்திவாரத்துக்கு மூலை 90 டிகிரி வர 3-4-5 முறையை எப்படிப் போடுவது? மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் ‘L’ வடிவக் கருவி) வைத்தால் போதாதா?

போதாது. மூலைமட்டத்தின் கை மிஞ்சிப்போனால் 60 செ.மீ. இருக்கும். அதற்குள் 1 மி.மீ. விலகினால் கண்ணுக்குத் தெரியாது. 12 மீட்டர் சுவரின் கடைசியில் அதுவே 20 மி.மீ. ஆகிவிடும். கதவு நிலைக்கு மூலைமட்டம் சரி. கட்டடத்தை மண்ணில் குறிக்க நூலும் டேப்பும்தான் வேண்டும்.

கணக்கு எளிது. மூலையை ஒட்டிய இரு பக்கங்கள் 3, 4 என்றிருக்கும்போது எதிர்ப்பக்கமான கர்ணம் 5 வந்தால் அந்த மூலை செங்கோணம். அடியோ மீட்டரோ, மூன்றுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆனால் பலர் கவனிக்காமல் விடுவது முக்கோணத்தின் அளவை. கர்ணத்தை அளப்பதில் 3 மி.மீ. பிசகினால், 60-80-100 செ.மீ. முக்கோணத்தில் 12 மீட்டருக்கு அப்பால் 75 மி.மீ. தள்ளிப்போகும். அதே பிசகு 3-4-5 மீட்டரில் 15 மி.மீ., 6-8-10 மீட்டரில் ஏழரை மி.மீ. இடம் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள்.

முன்சுவரின் வெளிவிளிம்புக்கு நூல் கட்டிவிடுங்கள். இனி அதைத் தொடக்கூடாது. மூலையில் முளை அடித்து அதன் தலையில் ஆணி இறக்குங்கள். அளவெல்லாம் ஆணியின் நடுவிலிருந்துதான், முளையின் ஓரத்திலிருந்து அல்ல. நூலோடு 4 மீட்டர் போய் இரண்டாவது ஆணி. மூலை ஆணியிலிருந்து ஒரு டேப்பில் 3 மீட்டர், இரண்டாவது ஆணியிலிருந்து இன்னொரு டேப்பில் 5 மீட்டர். இரண்டையும் விறைப்பாக இழுத்து, அளவுகள் சந்திக்கும் புள்ளியில் மூன்றாவது ஆணி. மூலையிலிருந்து அதன் மேலாக நூலை நீட்டினால் பக்கச்சுவரின் கோடு கிடைத்துவிடும்.

பிசகு பெரும்பாலும் டேப்பில்தான் வரும். அதன் முனைக் கொக்கி சற்று ஆடும்படியே செய்யப்பட்டிருக்கும். ஆணியில் மாட்டி அளந்தால் நம்ப முடியாது. ஆணியின் நடுவில் 10 செ.மீ. கோட்டை வைத்து 3.10, 4.10, 5.10 என்று படியுங்கள். மூன்றில் ஒன்றுக்கு இந்த 10 செ.மீ.யைக் கூட்ட மறந்தால் மூலை கெட்டது. துணி டேப் இழுக்க இழுக்க நீளும், வேண்டாம்.

தரை சரிவாக இருந்தால் டேப்பைத் தரையோடு போடாதீர்கள். 4 மீட்டருக்கு 40 செ.மீ. இறக்கம் இருந்தால் கிடையளவு 3.98 மீட்டர்தான், 2 செ.மீ. காணாமல் போய்விடும். டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியை இறக்குங்கள்.

நான்கு மூலையும் குறித்தபின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் பாருங்கள், பிறகு மூலைவிட்டங்கள். இந்த வரிசை முக்கியம். முன்பக்கம் 12 மீட்டரும் பின்பக்கம் 11.90 மீட்டருமாக இருந்தாலும் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக வரலாம், ஆனால் ஒரு மூலைகூடச் செங்கோணமாக இருக்காது. 12க்கு 9 மீட்டர் என்றால் மூலைவிட்டம் 15 மீட்டர். மற்ற அளவுகளுக்குக் கால்குலேட்டரில் போட்டுக்கொள்ளலாம்: 6க்கு 8.5 மீட்டர் என்றால் 10.404.

பக்கங்கள் சரியாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால், பின் ஆணிகள் இரண்டையும் சேர்த்து, நீளமான மூலைவிட்டம் குறையும் பக்கமாக, முன்கோட்டுக்கு இணையாக நகர்த்துங்கள். எவ்வளவு? வித்தியாசத்தை மூலைவிட்டத்தால் பெருக்கி, முன்பக்க நீளத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன 12க்கு 9 கட்டடத்தில் வித்தியாசம் 20 மி.மீ. என்றால் 20 × 15 ÷ 24, அதாவது 12.5 மி.மீ. தடவித் தடவி நகர்த்தி மறுபடி மறுபடி அளக்கும் வேலை மிச்சம்.

கட்டடம் ‘ட’ வடிவில் வளைந்து போனால், உள்ளே அடங்கும் பெரிய செவ்வகத்தை முதலில் முடித்து, மீதியை அதன் கோடுகளிலிருந்தே எடுங்கள். ஒரு மூலையிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போனால் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் மூலை முளைகள் போய்விடும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் இருபுறமும் 1 மீட்டருக்கு மேல் வெளியே நீட்டி, அங்கே முளை அடித்து நூல் கட்டும் இடத்தை ஆணியால் குறித்துவிடுங்கள். தோண்டி, கான்கிரீட் போட்டு முடித்ததும் அதே ஆணிகளில் நூல் கட்டினால், நூல்கள் வெட்டும் இடம்தான் மூலை. முதல் வரிசைக் கல் வைக்கும் முன் மூலைவிட்டங்களை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். தோண்டும்போது மண்வெட்டி பட்டு ஒரு முளை அசைந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.