படம் கேமராவில் பளிச், பகிர்ந்தால் மங்கல்: என்ன செய்யலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒகேனக்கல், கே.ஆர்.பி. அணை, அக்கம்பக்கத்து நடுகற்கள் என்று கிளம்பிவிடுவேன். 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். அதிக நிறம் கிடைக்கும் என்று நண்பர் சொன்னதால் கேமராவின் கலர் ஸ்பேஸை (படம் பதியும் நிற எல்லையை) அடோபி ஆர்ஜிபியில் வைத்திருக்கிறேன். கேமராவில் அழகாகத் தெரியும் படம் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வெளிறி, மங்கிப்போகிறது. நாற்பது படம் போட்டால் நாற்பதுக்கும் ‘சூப்பர் சார்’ என்றுதான் பதில். நான் முன்னேறுகிறேனா என்றே தெரியவில்லை. நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: லென்ஸை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறைக்கும் அது மருந்தில்லை.

வெளிறலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த அடோபி ஆர்ஜிபிதான். அதன் நிற எல்லை பெரியது, உண்மை. ஆனால் பல செயலிகள் படத்தோடு வரும் கலர் ஸ்பேஸ் குறிப்பைப் படிக்காமல், எல்லாப் படத்தையும் அதைவிடச் சிறிய, பொது வழக்கான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு காட்டும். மாந்தோப்பின் பச்சை சாம்பல் பூத்ததுபோல் ஆவது அதனால்தான். கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களை எடிட்டிங் மென்பொருளில் திறந்து, எஸ்ஆர்ஜிபிக்கு ‘கன்வர்ட்’ செய்து சேமித்தால் நிறம் திரும்பிவிடும்.

மங்கல் வேறு சங்கதி. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023-இல் வந்த ஹெச்டி பொத்தானை அழுத்தி அனுப்பினால் சுருக்கம் குறையும், ஒழியாது. டாக்குமென்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். ஆனால் குழுவில் பாதிப் பேர் அதைத் திறக்கவே மாட்டார்கள். என் யோசனை: நீளப் பக்கம் 2048 பிக்சல் இருக்கும்படி நீங்களே சிறிதாக்குங்கள், அதன் பிறகு லேசாக ஷார்ப்பன் செய்யுங்கள் (விளிம்புகளைக் கூர்மையாக்குங்கள்), ஹெச்டியில் அனுப்புங்கள். சிறிதாக்கிய பிறகு ஷார்ப்பன் செய்வதுதான் முக்கியம். முன்னால் செய்தது சுருங்கும்போது கரைந்துவிடும்.

இன்னொன்று: போனில் எடுத்த படத்தை டாக்குமென்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் லொகேஷனும் கூடவே போகலாம். காட்டோரத்துப் பறவைக்கூடு, வயல்வெளியில் காவலின்றி நிற்கும் நடுகல் இரண்டுக்கும் அது ஆபத்து. போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி ‘சூப்பர் சார்’. நாற்பது படம் போட்டால் வேறு எதையும் யாரும் சொல்ல முடியாது. மூன்று போடுங்கள், அதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முதலில் கண் எங்கே போச்சு?” அல்லது “மூணுல ஒண்ணைத் தூக்கணும்னா எதைத் தூக்குவீங்க?” இதற்கு ‘சூப்பர்’ என்று பதில் சொல்ல வராது. பரிசல் ஓட்டுபவரின் முகத்துக்காக எடுத்த படத்தில் பார்த்தவர் கண்ணெல்லாம் பின்னால் தொங்கும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுக்குப் போனால், இரண்டடி நகர்ந்து நின்றிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கருத்து கேட்பதற்குப் புகைப்படக்காரர்களை மட்டும் தேட வேண்டாம். படத்தில் இருக்கும் பொருளை அறிந்தவரிடம் காட்டுங்கள். துடுப்பு போடும் கை எந்த நொடியில் அழகு என்று பரிசல் ஓட்டுபவருக்குத் தெரியும். ஆளை எடுத்தால், கேட்டுவிட்டு எடுங்கள்; படத்தை அவருக்கும் அனுப்புங்கள்.

உங்கள் பக்கத்தில் இதற்கு அருமையான பயிற்சிக்களம் நடுகற்கள்தான். படம் நன்றா இல்லையா என்பது அங்கே ரசனையைப் பொறுத்ததல்ல. எழுத்து படிக்க முடிகிறதா, வீரன் கையில் இருப்பது வில்லா வாளா என்று தெரிகிறதா, அவ்வளவுதான். புடைப்பு ஆழமில்லாததால் வெளிச்சம் நேரே விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கிழக்கு பார்த்த கல்லைக் காலை வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் மிஞ்சும். பதினொன்றரை மணிவாக்கில், சூரியன் மேலேறி வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும்போது பாருங்கள்: ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நிழல் விழுந்து வட்டெழுத்து எழும்பி நிற்கும். மற்ற படங்களுக்கு ஆகாத உச்சிவெயில் இதற்கு ஆகும். மரத்தடிக் கல்லென்றால் ட்ரைபாடில் கேமராவை வைத்து, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என எடுங்கள். ஒன்றில் ஒளிந்த எழுத்து மற்றதில் அகப்படும்.

எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தயவுசெய்து பூசாதீர்கள். பூசியிருக்கும் மஞ்சள் குங்குமத்தைத் துடைக்கவும் கூடாது. பல கற்கள் வேடியப்பனாக இன்றும் கும்பிடப்படுபவை. ஊர்க்காரரிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எடுத்த படங்களைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். “மூணாவது வரி தெரியல” என்று அவர் சொல்வது நூறு லைக்குக்குச் சமம்.

ஒகேனக்கல்லில் சிக்கலே கரும்பாறையும் வெள்ளை நுரையும் ஒரே சட்டகத்தில் வருவதுதான். பாறையைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நுரை சுண்ணாம்புச் சுவராகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -0.7 அல்லது -1-க்கு இறக்கி, நுரையில் விவரம் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இருண்ட பாறைக்குப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சம் கூட்டலாம். வெளுத்த நுரை திரும்பாது. ஷட்டர் 1/1000-இல் துளிகள் உறையும், அரை நொடியில் தண்ணீர் பட்டுத்துணியாகும். எனக்கு இரண்டும் அங்கே பிடிப்பதில்லை. 1/15-க்குப் பக்கத்தில் வையுங்கள். காவிரி பாய்கிற வேகம் கோடுகோடாகத் தெரியும். பரிசலில் இருந்தபடி எடுப்பதென்றால் இது நடக்காது, 1/500-க்குக் குறையாதீர்கள். புதுவெள்ளம் வந்து தண்ணீர் செந்நிறமாக ஓடும் நாளில், படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வையுங்கள். ஆட்டோ அந்தச் செம்மையைக் கழுவிவிடப் பார்க்கும். நீர்வரத்து மிஞ்சினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க, மாதம் ஒரு படத்தையாவது 12-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 3600-க்கு 2400 பிக்சல் போதும். உங்கள் கேமரா 6000-க்கு 4000 தருகிறது. பின்னால் தேதி, ஷட்டர், என்ன நினைத்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். போனில் தெரியாத கோணலும் ஆட்டமும் தாளில் உடனே தெரியும்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் சர்க்குலர் போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். ஈரப் பாறையின் பளபளப்பையும் இலைகளின் மினுமினுப்பையும் குறைக்கும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி ஃபில்டரின் வளையத்தை மெல்லச் சுற்றி, பளபளப்பு அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை அது தின்னும் என்பதால் 1/15-க்கு இறங்கவும் உதவும். கடைக்குப் போகுமுன் லென்ஸின் முன்புறத்தில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 18-55 என்றாலே ஒரே அளவு இல்லை, 55 மி.மீ., 58 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும்.