ஜல்லி பெயர்கிறது என்று தாரைக் கூட்டாதீர்கள்

வணக்கம். தார்ச்சாலைக் கலவையின் காற்றிடைவெளி (இறுக்கிய பிறகும் உள்ளே எஞ்சும் காற்றுத் துளைகளின் அளவு) ஆய்வகத்தில் 4 சதவீதம், போட்ட சாலையில் துளைத்தெடுத்த உருளைத் துண்டில், அதாவது கோரில், 9. மழைக்குப் பிறகு ஜல்லி பெயர்கிறது, தாரை அரை சதவீதம் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கூட்டினால் வெயிலில் சக்கரத்தடம் பள்ளமாக விழும் அபாயம்தான் அதிகம். கலவையில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, இறுக்கம்தான் போதவில்லை.

காரணம் நீங்கள் கொடுத்த விவரத்திலேயே இருக்கிறது: 19 மி.மீ. கலவையை 40 மி.மீ. கனத்தில் விரித்திருக்கிறீர்கள். ஜல்லியின் பெயரளவு உச்ச அளவைப் (கலவையின் பெயரில் வரும் 19 மி.மீ. அதுதான்) போல மூன்று மடங்காவது கனம் வேண்டும், பெரிய கல் அதிகமுள்ள கரடான கலவைக்கு நான்கு. இல்லாவிட்டால் கற்கள் புரண்டு உட்கார இடமில்லை. ரோலர் ஏறினால் கல்தான் உடையும். மெல்லிய அடுக்கு சீக்கிரம் ஆறியும் போகும், ஆறினால் இறுகாது. இடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கனத்தை மாற்ற முடியாதென்றால் 9.5 மி.மீ. கலவைக்கு மாறுங்கள்.

அப்புறம், ஒரு கோரைப் பிளந்து பாருங்கள். கல் முகம் வெளுத்துத் தெரிந்தால் தார் ஒட்டுதலும் விட்டிருக்கிறது (பிளக்கும்போது உடைந்த கல்லின் உள்முகத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஈர, உலர் இழுவலிமை விகிதம் (நீரில் ஊறிய மாதிரியின் இழுவலிமை, உலர்ந்த மாதிரியினுடையதில் எத்தனை சதவீதம் என்பது) 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால், 1 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து மறுபடி சோதியுங்கள்.