புது கார், அதே சாக்கு: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வெருலம்): ஷோரூம்காரர்கள் என் காரைச் சரிசெய்து தர மறுக்கிறார்கள். மாதத் தவணையை நிறுத்திவிட்டால் வழிக்கு வருவார்களா?

பதில்: வரமாட்டார்கள். கடன் முடியும்வரை கார் பேங்குக்குச் சொந்தம். பேங்குக்கும் உங்கள் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. தவணை நின்றால் உங்கள் பேர்தான் கெடும், காரையும் எடுத்துப் போய்விடுவார்கள். சண்டை நடக்கும்போதும் தவணை கட்டுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. என்ன காரணம்?

பதில்: என்ன கார்? பெட்ரோலா, டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? செல்ஃப் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? ஒரு வரி எழுதி அனுப்பினால் நான் என்ன சொல்வது? இவ்வளவையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். அதுவரை பேட்டரியைச் சோதியுங்கள். உங்கள் ஊர்க் குளிர்காலக் காலையில் முதலில் கைவிடுவது அதுதான்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): புது ஆட்டோமேட்டிக் கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கார் முழுக்க உதறுகிறது. மூன்று தடவை சர்வீஸில் விட்டாயிற்று. 'இந்த மாடலே அப்படித்தான்' என்கிறார்கள்.

பதில்: இந்தப் பதிலை ஊர் ஊராகக் கேட்டாயிற்று. டர்பனில் ஒரு ஷோரூம், ஜோஹன்னஸ்பர்க்கில் இன்னொன்று, வசனம் மட்டும் மாறவே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் ஒரு வகையான இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மேட்டில் ஊரும்போது லேசாகத் தயங்கும், அது உண்மை. ஸ்டியரிங் கையில் நடுங்கும் அளவுக்கு உதறினால் அது கோளாறு. ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அதே மேட்டில் ஓட்டிக் காட்டுங்கள். அப்புறம் அவர்களுடைய டெமோ காரைக் கேட்டு வாங்கி அங்கேயே ஏற்றுங்கள். டெமோ கார் உதறாமல் ஏறினால் 'மாடலே அப்படித்தான்' என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

சரி, மூன்று தடவை விட்டதற்கு ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது புகாரை எழுதும் சீட்டு, எத்தனை வைத்திருக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று, அதிலும் 'கியர்பாக்ஸ் பார்க்கவும்' என்று மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நீங்கள் பத்து நிமிடம் விளக்கியதைக் கவுன்டரில் இருப்பவர் இரண்டு வார்த்தையாகச் சுருக்கிவிடுகிறார். மெக்கானிக் முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு 'குறை எதுவும் தெரியவில்லை' என்று எழுதுகிறார். ஒரு சாஃப்ட்வேர் அப்டேட், 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள்' என்று ஒரு யோசனை. இதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்கள்தான் உங்களுக்கு முக்கியம்.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவைப் படியுங்கள். குறையுள்ள பொருளை டெலிவரி எடுத்த 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள், ஷோரூம் மேனேஜர் இல்லை. பழுது பார்த்து 3 மாதத்துக்குள் கோளாறு தீரவில்லை என்று தெரிந்தாலும், புதிதாக ஒன்று முளைத்தாலும், அதற்கு மேல் பழுது பார்க்கும் பேச்சே கிடையாது, மாற்ற வேண்டும் அல்லது பணம் தர வேண்டும். ஆனால் பழுது பார்த்ததற்கே காகிதம் இல்லையென்றால் அந்த 3 மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள்?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2021இல் ப்ளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், சின்னக் கோளாறு எல்லாமே சட்டப்படி குறை ஆகிவிடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே 'உதறுகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். பின்னால் வண்டிகள் நெருக்கி நிற்கும் ஏற்றத்தில் கார் தயங்கி உதறுகிறது, ஓட்டுவதற்குப் பாதுகாப்பாக இல்லை என்று எழுதுங்கள். நாலாவது தடவை விடும்போது புகார் உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் ஏறட்டும். தேதியும், விடும்போதும் எடுக்கும்போதும் இருந்த கிலோமீட்டரும் இருக்கட்டும். ஜாப் கார்டு நகல் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

உங்களுக்கு இன்னும் இரண்டே மாதம் இருக்கிறது. மாற்றமா, பணமா என்று முடிவு செய்து இந்த வாரமே ஷோரூம் தலைவருக்கு எழுதுங்கள், கம்பெனியின் தென்னாப்பிரிக்கத் தலைமையகத்துக்கு நகல் போகட்டும். அசையவில்லை என்றால் மியோசா எனப்படும் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது. அங்கேயும் முதலில் கேட்பது ஜாப் கார்டைத்தான்.

கேள்வி (லெனேசியா): டீசல் பேக்கி (பிக்கப் வண்டி), வாங்கி எட்டு மாதம். புகை வடிகட்டி விளக்கு அடிக்கடி எரிகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். மோசமான வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: வண்டி மேல் குற்றமில்லை. அந்த வடிகட்டி நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த கரியை எரித்துத் தள்ளும். 3 கிலோமீட்டரில் அது சூடே ஆகாது. வாரம் ஒரு தடவை ஹைவேயில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். கந்தகம் 500 பிபிஎம் உள்ள டீசலைத் தொடவே தொடாதீர்கள், 50 அல்லது 10 மட்டும் போடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு பெட்ரோல் வண்டி வாங்கியிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்ற சேல்ஸ்மேன் மேல் எனக்கும் கோபம்தான்.

கேள்வி (டொங்காட்): வாரன்டி இருக்கும்போது வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும் என்று மிரட்டுகிறார்கள்.

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. சர்வீஸை எங்கே செய்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் கம்பெனி சொன்ன தரத்து ஆயில், சொன்ன கிலோமீட்டரில் சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் பில் வேண்டும். வெளி மெக்கானிக் கெடுத்த பாகத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. சர்வீஸ் பிளானுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வெளியே போங்கள்.

கேள்வி (உம்லாங்கா): வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. நிறம் பிடிக்கவில்லை. 5 நாளுக்குள் திருப்பலாமாமே?

பதில்: முடியாது. அந்த 5 வேலைநாள் சலுகை, போனில் அழைத்தோ வீடு தேடி வந்தோ உங்களிடம் விற்ற பொருளுக்கு. நீங்களே ஷோரூமுக்குப் போய்ப் பார்த்து வாங்கிய காருக்குக் கிடையாது. கையெழுத்துக்கு முன்னால் வெயிலில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): டீலரிடம் பழைய கார் வாங்கினேன். 'ஃபூட்ஸ்டூட்ஸ்' (குறையோடு உள்ளது உள்ளபடியே வாங்குகிறேன்) என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் வாரமே ரேடியேட்டர் ஒழுகுகிறது.

பதில்: அந்த ஒற்றை வார்த்தையைக் காட்டி டீலர் தப்ப முடியாது. ரேடியேட்டர் ஒழுகும் என்று குறிப்பாகச் சொல்லி, அதற்கு நீங்கள் சம்மதித்திருந்தால்தான் அவர் நழுவலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள், எஞ்சின் சூடேறிப் போனால் பழி உங்கள் மேல் விழும். டீலரிடம் கொண்டு போங்கள், ஜாப் கார்டு நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (டர்பன்): கார் என் கம்பெனி பேரில் இருக்கிறது. இந்தச் சட்டம் எனக்கும் பொருந்துமா?

பதில்: வாங்கியபோது கம்பெனியின் ஆண்டு வரவும் சொத்தும் தலா 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால் பொருந்தும். மேலே போனால் வாரன்டி புத்தகமும் விற்பனை ஒப்பந்தமும்தான் துணை. இரண்டையும் வக்கீலிடம் காட்டுங்கள்.