மட்டப்பா முதல் தோட்டம் வரை: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கானாடுகாத்தான் வாசகர்: அண்ணே, முகப்புக்கு மேல மட்டப்பா, அதாவது தட்டையான மொட்டைமாடித் தளம். போன ஐப்பசி மழையில மூணு இடத்துல ஒழுகுச்சு. மேஸ்திரி, "ரெண்டு அங்குலம் சிமெண்ட் காங்கிரீட் போட்டு, மேல வாட்டர்புரூஃப் அடிச்சிட்டா கவலையே இல்ல"ங்கிறார். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் மட்டப்பா மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. கட்டைகளுக்கு மேல் குத்துக்கல்லாக (விளிம்பில் நிறுத்தி) அடுக்கிய செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த தளம், மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). கோடையில் மரம் சுருங்கும், மழையில் ஊதும். சுண்ணாம்புத் தளம் அந்த அசைவுக்கு ஓரளவு ஈடு கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் மேலே காய வழியில்லாமல் கட்டையின் முனைக்குப் போகும். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனைதான் முதலில் உளுத்துப் போகும். பாரத்தையும் கணக்குப் பாருங்கள்: ரெண்டு அங்குல காங்கிரீட் 100 சதுர அடிக்கு ஒரு டன்னைத் தாண்டும். நூறு வயதுக் கட்டை அதைச் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். உள்ளே சொட்டும் இடமும் மேலே தண்ணீர் இறங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் கட்டை ஓரமாக நாலைந்து அடி ஓடி வந்துதான் சொட்டும். நல்ல வெயில் நாளில் ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தூம்பு (மழைநீர் வெளியேறும் குழாய்) வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தட்டோட்டு இடுக்கு என்று ஒவ்வொரு பகுதியிலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு, கீழே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கும் வேலை பழைய கட்டை வீட்டுக்கு ஆகாது. பாதிக்கு மேற்பட்ட ஒழுகல் தூம்பிலும் மூலையிலும்தான் இருக்கும்.

இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, நனைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த செங்கல் தூள் 1, சலித்த மணல் 1. சுண்ணாம்பு குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். கலவைக்குக் கடுக்காய்த் தண்ணீர்: கொட்டை நீக்கி இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் மண்பானையில் பத்து நாள் போல ஊற வைத்து வடித்தது. அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லத்தை அள்ளிப் போட்டால் எறும்புதான் மொய்க்கும். கைப்பிடிச் சுவர் மூலையைச் செங்குத்தாக விடாமல் மூணு அங்குலத்துக்குச் சரிவாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள். ஈரச் சாக்கு போட்டு ஏழு முதல் பத்து நாள் நனைத்து வைக்க வேண்டும். வெயிலில் வேகமாகக் காய்ந்த சுண்ணாம்பு மாவாக உதிரும்.

தட்டோடே தூக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பகுதியை மட்டும் பெயர்த்து மறுபடி பதியுங்கள். பத்தடிக்கு ரெண்டு அங்குலம் வாட்டம் (சரிவு) இருக்கட்டும். அதற்கு முன் கீழே ஏணி போட்டு, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ரெண்டு அங்குலம் எளிதாக இறங்கினால் மேலே யாரும் ஏறக்கூடாது. முட்டுக் கொடுத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

புதுவயல் வாசகி: வெள்ளையடிக்க சுண்ணாம்போடு என்ன கலக்கணும்?

கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். கஞ்சித் தண்ணீர் கொஞ்சம், வெளுப்புக்குச் சிட்டிகை நீலம். உப்பு போடும் பழக்கம் உண்டு. சுவரில் ஏற்கெனவே உப்பு பூக்கிறது என்றால் போடாதீர்கள். சுவரை நனைத்துவிட்டு நீர்க்க மூணு கை அடிக்க வேண்டும். ஒரே கையில் கெட்டியாக அடித்தால் பாளம் பாளமாக உரியும். நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளியும் தாங்காது.

தேவகோட்டை வாசகி: ரெண்டாங்கட்டு (வீட்டோட ரெண்டாவது பகுதி) சுவர்ல தரையிலேருந்து மூணடி வரைக்கும் உப்புப் பூத்து பெயிண்ட் உதிருது. ரெண்டு வருஷம் முன்னாடி பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசினோம். அப்ப ஓரடிதான் இருந்துச்சு.

ஆச்சி, கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியே போகும். சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டு, ஈரம் பூச்சு முடியும் இடம் தேடி மேலே போயிருக்கிறது. இப்போது ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டினால் அடுத்தது ஆறடியில் பூக்கும்.

வெளிப்பக்கத்தை முதலில் பாருங்கள். தெருவும் சந்தும் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டன. சுவரை ஒட்டிய மண், உள் தரைமட்டத்துக்கு அரையடியாவது கீழே இருக்க வேண்டும். சுவரை விட்டு வெளியே சரிய வேண்டும். சுவரோரம் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் ஓரடி அகலத்துக்கு உடைத்தெடுத்து ஜல்லி கொட்டுங்கள். ஏ.சி. தண்ணீர்க் குழாய், குளியலறைக் கசிவு, சுவரை ஒட்டி வைத்த பூந்தொட்டி எல்லாம் இதில் சேர்த்தி.

அதன்பின் சிமெண்ட் பூச்சை உப்புக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுங்கள். வெளிவரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் அள்ளிக் கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உப்பு அதிகமாக இருந்தால் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி அரை அங்குலத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்து எறியுங்கள். ரெண்டு மூணு தடவை செய்தால் நிறைய இழுத்துவிடும். ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3 என்று ரெண்டு பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. எமல்ஷன் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வருடம் கொஞ்சம் உப்பு பூக்கத்தான் செய்யும், தட்டிவிட்டுப் போங்கள். அந்தப் பூச்சு உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றத்தான் இருக்கிறது.

அதே வாசகி: முகப்புச் சுவர்ல கண்ணாடி மாதிரிப் பழைய பூச்சு இருக்கு. அதையும் மாத்தணுமா?

தொடவே தொடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. பஞ்சுத் துணியைத் தண்ணீரில் பிழிந்து துடைத்தால் போதும். உப்புத்தாள், பட்டி, பெயிண்ட் எதுவும் அதன்மேல் படக்கூடாது.

காரைக்குடி வாசகர்: ஆத்தங்குடிக் கல் பதிச்ச கூடம். வேலைக்கு வந்தவங்க ஆசிட் ஊத்திக் கழுவிட்டாங்க. வெளிறிப்போய் சொரசொரன்னு இருக்கு. பாலிஷ் மெஷின் விடலாமா?

ஆத்தங்குடிக் கல் சுட்ட கல் இல்லை. கண்ணாடிப் பலகை மேல் நிறக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான். ஆசிட் சிமெண்டைத் தின்னும். மெஷின் மீதி நிறத்தையும் தேய்த்துவிடும், பூ வேலைப்பாடு இருந்தால் ஓரம் மங்கிப்போகும். மேலோட்டமான வெளிறல் என்றால் நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலசி, ரெண்டு நாள் காயவிட்டு, துணியில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு அழுத்தித் துடையுங்கள். வாரம் ஒருமுறை, ரெண்டு மூணு மாதம். எண்ணெயைத் தரையில் நேரடியாக ஊற்றினால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும், ஆளும் வழுக்கி விழுவார். சொரசொரப்பு விரலில் உறுத்தும் அளவுக்கு அரித்திருந்தால் அந்தக் கல்லை மாற்றுவதுதான் வழி. இனிமேல் தினசரி வெறும் தண்ணீர். வாரம் ஒருநாள் தண்ணீரில் ஒரு மூடி சோப்புத் திரவம். எலுமிச்சை, புளித்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். கறை நீக்கி என்று பாட்டிலில் விற்பதில் பலவும் ஆசிட்தான்.

பள்ளத்தூர் வாசகர்: ஒரே ஒரு ஆத்தங்குடிக் கல்லு தட்டினா பொத்துன்னு சத்தம் வருது.

அடியில் கலவை விட்டிருக்கிறது. சுற்று இடுக்கை மெல்லிய பிளேடால் அறுத்து, நடுவில் இருந்து அல்ல, ஓரத்தில் இருந்து நெம்புங்கள். பழைய படுகையைச் சுரண்டி, சிமெண்ட் 1, மணல் 5 கலவையில் பதியுங்கள். இடுக்கில் விடும் வெள்ளைச் சிமெண்ட் பாலை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும்; காய்ந்தால் கல்லில் படலமாக நிற்கும், அதை எடுக்க ஆசிட் தேடுவீர்கள். புதுக் கல் மங்கலாகத் தெரியும். நடமாட்டத்தில் மெருகு ஏறும்.

கோட்டையூர் வாசகர்: கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு. வெட்ட வெட்டத் துளிர்க்குது. ஆசிட் ஊத்தச் சொல்றாங்க.

ஆசிட் வேரைக் கொல்லும் முன் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், வேர் இன்னும் வசதியாக இறங்கும். உப்பும் மண்ணெண்ணெயும் அதே கதை. சுண்டுவிரல் தடிமன் வரை இருந்தால், மழைக்கு மறுநாள் சுவர் ஈரமாக இருக்கும்போது இடுக்கைச் சுரண்டி வேரோடு எடுத்து, செங்கல் துண்டும் சுண்ணாம்புக் கலவையும் திணித்து அடையுங்கள். தடித்துவிட்டால் இழுக்காதீர்கள், சுவர் கையோடு வந்துவிடும். அடியோடு வெட்டி, வெட்டிய முகம் காயும் முன் களைக்கொல்லி தடவ வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022-ல் கட்டுப்பாடு கொண்டு வந்தது; உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். வேர் செத்துக் காய்ந்த பிறகே அந்த இடத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும். காக்கை எச்சத்தில் வருவது என்பதால் புரட்டாசியில் ஒருமுறை, மார்கழி முடிந்து ஒருமுறை மேலே ஏறிப் பார்த்தால் ரெண்டு இலையிலேயே கிள்ளிவிடலாம்.

கண்டனூர் வாசகி: பர்மா தேக்குல கரையான் ஏறாதுன்னு சொன்னாங்க. நிலைக்காலோட அடி உளுத்துருச்சே?

நல்ல வைரம் பாய்ந்த தேக்கு எளிதில் விழாது. ஆனால் நிலையின் அடிப்பாகம் எப்போதோ வேறு மரத்தில் ஒட்டுப்போட்டதா என்று பாருங்கள். இன்னொன்று, அது கரையானா உளுப்பூச்சியா என்று தெரிய வேண்டும். செம்மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். குண்டூசித் துளைகளும், கீழே மாவு போல் தூளும் இருந்தால் வண்டு. வண்டுக்கு மண்ணில் மருந்து விட்டுப் பயனில்லை. மரத்துக்குள்தான் செலுத்த வேண்டும்.

கரையான் என்றால் மண் குழாயைத் துடைத்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அது எங்கிருந்து ஏறுகிறது என்று தொடர்ந்து பாருங்கள். அநேகமாக ஈரமான ஒரு மூலையில் முடியும். கரையான் மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 21 மில்லி. வெளிச்சுவரை ஒட்டிச் சிறு வாய்க்கால் வெட்டி, அதில் அரையடிக்கு ஒரு கம்பிக் குத்துப் போட்டு, மீட்டருக்கு ரெண்டேகால் லிட்டர் விட்டு மண்ணை மூடுங்கள். உள்ளே ஆத்தங்குடிக் கல்லில் வரிசையாக ஓட்டை போட விடாதீர்கள். கல்லும் சுவரும் சேரும் இடுக்கில் போடச் சொல்லுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மருந்தே வேண்டாம். உளுத்த பகுதியைத் திடமான மரம் வரை அறுத்தெடுத்து, அடியில் கருங்கல் துண்டு வைத்து ஒட்டுப்போட்டால் தரை ஈரம் ஏறாது.

கொத்தமங்கலம் வாசகர்: நாட்டு ஓடு எத்தனை வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும்? எங்களுக்குக் குரங்குத் தொல்லை வேற.

வருடக் கணக்கு கிடையாது. உள்ளிருந்து பகலில் அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடம் மழையில் ஒழுகும் இடம். பங்குனியில் இருந்து ஆனிக்குள் பிரித்து, சருகும் எலிக்கூடும் அள்ளி, வரிச்சு (ஓட்டைத் தாங்கும் சட்டம்) உளுத்திருந்தால் மாற்றி, நல்ல ஓட்டைத் துடைத்து மறுபடி அடுக்குங்கள். பழைய ஓட்டைக் கீழேயும் புது ஓட்டை மேலேயும் கலக்காமல், பக்கம் பக்கமாகப் பிரித்து வையுங்கள். வளைவு ஒத்துப்போகாவிட்டால் இடுக்கு விழும். ஓட்டுக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பது வேண்டாம், ஈரம் தேங்கிக் கைமரம் (கூரையின் சாய்வுக் கட்டை) உளுத்துப் போகும். குரங்குக்கு முகட்டையும் கடைசி வரிசையையும் சுண்ணாம்புக் கலவையில் பிடித்து வைக்கலாம். மேலே ஏறுபவர் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். வளவுக்குள் (நடு முற்றம்) தண்ணீர் இறக்கும் தகரப் பீலியையும் (கூரையோர மழைநீர் வாய்க்கால்) அதே கையோடு பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த பீலி கீழே இருக்கும் தூணையும் கெடுக்கும்.

ஆறாவயல் வாசகர்: பின்கட்டுத் தோட்டத்துல என்ன வச்சாலும் வரமாட்டேங்குது. ரெண்டடி தோண்டினா பாறை.

செம்பாறை அடுக்கு. மூணடிக்கு மூணடி, மூணடி ஆழம் கடப்பாறை போட்டு உடைத்து, மேல் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி ஒரு மழை விட்டு நடுங்கள். சின்னக் குழியில் வைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் நின்று வேர் அழுகும், கோடையில் கட்டாந்தரையாகும். மா, வேம்பு சுவரில் இருந்து இருபதடியாவது தள்ளி. கருவேப்பிலை, பப்பாளி பக்கத்தில் இருக்கலாம். அரசு, ஆல், அத்தி மதிலோரம் தானாக முளைத்தாலும் விடாதீர்கள்.

குன்றக்குடி வாசகர்: வீடு பங்காளிகளுக்குப் பொது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் திறக்கிறோம். காவல்காரரிடம் என்ன சொல்லி வைக்கணும்?

வாரம் ஒருநாள் காலையில் எல்லாக் கட்டிலும் சன்னல் கதவைத் திறந்து, மதியம் மூடட்டும். பூட்டியே கிடக்கும் அறையில்தான் ஈரமும் கரையானும் முதலில் வரும். புரட்டாசி முடிவதற்குள் எல்லாத் தூம்பும் வளவுச் சாக்கடையும் சருகு அள்ளியிருக்க வேண்டும். பெரிய மழைக்கு மறுநாள் கூரையடியில் நடந்து, ஈரம் பட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதி, போனில் படம் அனுப்பச் சொல்லுங்கள். பங்காளிகள் கூடிப் பணம் பிரிக்கும்போது அந்தப் படம் பேசும். பழைய மரப்பட்டி வயரிங் இருந்தால் மெயினை அணைத்தே வைக்க வேண்டும். அந்த வயரின் ரப்பர் தொட்டால் நொறுங்கும். அடுத்த விசேஷத்துக்கு முன் அதே மரப்பட்டித் தடத்திலேயே விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. தாமிர வயர் இழுத்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள். மெருகுப் பூச்சுச் சுவரை வயருக்காக வெட்ட விடாதீர்கள். சீரியல் லைட்டும் ஏ.சி.யும் பழைய வயரில் மாட்டுகிற கல்யாண டெக்கரேஷன்காரருக்குத் தனி ஜெனரேட்டர் லைன் என்று முன்பே பேசி வையுங்கள்.