டிரெய்லரில் குதிரைப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: புறப்படும் முன் டயர், விளக்கு, பிரேக் மூன்றையும் சரிபார்க்கிறேன். அது போதுமா?

பதில்: போதாது, தரையையும் பார்க்க வேண்டும். ரப்பர் விரிப்புக்கு அடியில் சிறுநீர் தேங்குவதால் மரப்பலகை வெளியே தெரியாமலேயே இற்றுப்போகும்; அலுமினியத் தரையும் அரித்துப்போகும். விரிப்பை முழுவதுமாகத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பலகையையும், குறிப்பாக அதன் ஓரங்களை, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால், அந்தப் பலகையை மாற்றும்வரை குதிரையை ஏற்றவே கூடாது. ஏறத்தாழ 500 கிலோ எடை நான்கு குளம்புகளின் மேல் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். டயரைப் பொறுத்தவரை, பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் காலப்போக்கில் வெடிப்பு விடும் என்பதால், அதன் வயதையும் பாருங்கள்.

கேள்வி: பின்கதவைத் திறந்ததுமே என் குதிரை பின்னால் பாய்ந்து கயிற்றை அறுத்துவிடுகிறது. இன்னும் தடித்த கயிறு போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தலை கட்டப்பட்டிருக்கும்போது பின்பக்கம் திறந்தால், குதிரை வெளியேறலாம் என்று நம்பிப் பின்வாங்கும். கயிறு இழுத்துப் பிடித்ததும் மிரண்டு, தலையைத் தூக்கிக் கூரையில் மோதிக்கொள்ளும். ஏற்றும்போது முதலில் பின்தடைக் கம்பியை (குதிரையின் பின்புறம் குறுக்கே மாட்டும் கம்பி) மாட்டி, கதவை மூடிய பிறகே தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் தலையை அவிழ்த்துவிட்டு, அதன் பிறகே கதவையும் கம்பியையும் திறக்க வேண்டும். இந்த வரிசையை உதவிக்கு வருபவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடித்த கயிறு போடுவதைவிட, ஆபத்து நேரத்தில் அறுந்துவிடக்கூடிய தோல்வாரைத் தலையில் மாட்டுவதே நல்லது.

கேள்வி: தலையை உயர்த்திக் கட்டினால் குதிரை அசையாமல் நிற்குமே?

பதில்: நிற்கும்; ஆனால் தலையைத் தாழ்த்த முடியாத குதிரையால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்ற முடியாது, அதனால் நீண்ட பயணத்துக்குப் பின் நுரையீரல் தொற்று வரக்கூடும். தலையைத் தாழ்த்தும் அளவுக்கு, ஆனால் கால் சிக்காத அளவுக்கு, கயிறு விடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தண்ணீரும் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு குதிரைகளுக்கான டிரெய்லரில் ஒன்றை மட்டும் எந்தப் பக்கம் நிறுத்துவது?

பதில்: ஓட்டுநர் அமரும் பக்கம். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், எடை நடுச்சாலைப் பக்கம் இருப்பதே நல்லது.

கேள்வி: நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றால் குதிரையை இறக்கிவிடலாமா?

பதில்: தீயோ புகையோ இல்லாவிட்டால் இறக்காதீர்கள். பாயும் வண்டிகளுக்கு நடுவே மிரண்ட குதிரையைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தந்து, உதவி வரும்வரை உள்ளேயே வைத்திருங்கள்.