அண்டி ஆபீஸ் மூடினால் ஊர் காலியாகுமா?

அன்புள்ள சார்,

எங்கள் கருங்கல் பக்கம் முந்திரி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அம்மா போகும் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. கார் ஆலைகள் போனதும் டெட்ராய்ட் நகரமே காலியானது என்று படித்தேன். குமரிக்கும் அந்தக் கதிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டெட்ராய்டில் 1950-ல் 18.5 லட்சம் பேர். 2020-ல் 6.4 லட்சம்கூட இல்லை. ஆனால் போனவர்களில் நிறையப் பேர் நகர எல்லையைத் தாண்டிப் புறநகரில் குடியேறியவர்கள். ஆலைகளும் அப்படித்தான் நகர்ந்தன.

சரி, நம் கதைக்கு வருவோம். குமரியில் 1991-ல் 16 லட்சம், 2001-ல் 16.76 லட்சம், 2011-ல் 18.7 லட்சம். இரணியல் கைத்தறியும் பனங்கருப்பட்டித் தொழிலும் நொடிந்துகொண்டிருந்த காலம் அது. ஆள் குறையவில்லை. டெட்ராய்டுக்கும் கோலார் தங்கவயலுக்கும் ஆட்கள் பிழைப்புத் தேடி வெளியிலிருந்து வந்தார்கள். இங்கே ஆலைதான் பெண்கள் இருக்கிற இடம் தேடி வந்தது. வீடு, நாலு தென்னை, ரேஷன் கார்டு எல்லாம் இங்கேயே. வேலை போனால் நூறு நாள் வேலைக்குப் போவார்களே தவிர, ஊரைவிட்டுப் போகமாட்டார்கள்.

அதனால் அடி வேறு இடத்தில் விழுகிறது. உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டு எண்ணெய் பட்டால் தோல் பொரிந்துவிடும் என்று கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்வார்கள், கூலி கிலோ கணக்கில். ஆலையைப் பூட்டுவது கடைசியில்தான். வேலை நாள் அதற்கு முன்பே கரைந்துவிடும். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை வாங்க ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் என்றால் 52 நாள்தான் வரும். பெயர் பதிவேட்டில் இருக்கும், காய்ச்சலில் படுத்தால் அந்தப் பணம் கிடைக்காது.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் இவர்களுடைய பிள்ளைகள். ஆண்கள் வளைகுடாவுக்கும் கேரளத்துக்கும் போவது பழைய கதை. 2011-ல் இங்கே 1000 ஆண்களுக்கு 1019 பெண்கள், மாநிலத்தில் 996. அதில் இதற்கும் பங்கு உண்டு. இப்போது அண்டி உடைத்த கூலியில் நர்சிங் படித்த மகளும் போகிறாள். படிக்காதே என்றா சொல்ல முடியும்? முந்திரி உடைக்கும் வியட்நாமின் இயந்திரங்கள் நம் ஆலைகளை நசுக்கியது உண்மை. ஆனால் அம்மாவின் இடத்தில் உட்கார மகள் வராததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2027 கணக்கெடுப்பு வெளிவரும்போது மொத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்திருக்கும் வடமாநிலத்தவர்களை ஒழுங்காக எண்ணினால் அது கூடிக்கூட இருக்கலாம். வயதுவாரி அட்டவணையை எடுங்கள். 20 முதல் 34 வரை உள்ளவர்கள் எத்தனை பேர், 60-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கிள்ளியூர், விளவங்கோடு வட்டங்களுக்குத் தனித்தனியாகப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.